கையொப்பமிட்ட முதற்பதிப்பு நூல்கள்: இராமநாதபுரம் கடற்கரையில் சேகரிப்பதும் விற்பதும்

இராமநாதபுரம் கடற்கரையில் அரிய நூல் ஒன்று கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு வீடு காலியாகும்போதுதான். பள்ளியிலோ தபால் நிலையத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் காலமாகிறார். பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிறார்கள். வீட்டை விற்பதென்று முடிவானதும், ஐம்பது ஆண்டுகளாக அவர் பேணிய அலமாரி இரண்டு சாக்கு மூட்டைகளாகிப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுகிறது. கீழக்கரையிலும் தொண்டியிலும் இராமேசுவரத்திலும் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த மூட்டைக்குள் எழுத்தாளர் தம் கையால் எழுதிக் கொடுத்த முதற்பதிப்பு இருக்கக்கூடும். அதை அடையாளம் காண்பது, வாங்குவது, காப்பது, விற்பது ஆகியவற்றை, மண்டபம் ஊரில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலைச் சிறிய அளவில் செய்துவரும் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லாரும் முதலில் கையெழுத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். நூல் முதற்பதிப்புதானா என்பதை அதன் தாளும் எழுத்தும் விலையும் முகவரியும் முதலில் சொல்லட்டும்; கையெழுத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். கையெழுத்தை ஒருவர் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். 1950இல் அச்சான ஒரு நூலை இன்று உட்கார்ந்து செய்துவிட முடியாது.

பதிப்பு விவரப் பக்கத்தைப் படிப்பது

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் இருக்கும் பதிப்பு விவரம்தான் தொடக்கம். தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர், எழுத்து மாறாத மறு அச்சையும் நெடுங்காலம் ‘இரண்டாம் பதிப்பு’, ‘மூன்றாம் பதிப்பு’ என்றே போட்டு வந்தார்கள். ஆகவே ‘முதற்பதிப்பு’ என்று மாதமும் ஆண்டும் மட்டும் இருந்து, கீழே வேறு வரி இல்லையென்றால் பெரும்பாலும் அது முதல் அச்சேதான். ஆனால் இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஒரு பதிப்பகம் மூடப்பட்டு, அதே நூலை இன்னொரு பதிப்பகம் முப்பது ஆண்டுகள் கழித்து வெளியிடும்போது, தன் கணக்கில் அதுவே முதல் என்பதால் ‘முதற்பதிப்பு’ என்று போடுகிறது. 1962இல் வெளிவந்த நாவல் 2003இல் மறுபடியும் முதற்பதிப்பு ஆகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க முன்னுரையின் அடியில் உள்ள தேதியையும் இடத்தையும் பாருங்கள்; ‘இப்பதிப்பு குறித்து’ என்ற பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்; அதன் பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்த நூலின் பழைய பிரதி இருந்தால் இரண்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். வார இதழில் தொடராக வந்த கதைகளைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்த தொகுதிகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஓவியங்களுக்காக அவற்றுக்குத் தனி மதிப்பு இருக்கிறது, ஆனால் அவற்றை முதற்பதிப்பு என்று சொல்லி விற்பது பொய்.

ஆண்டு எண்ணே இல்லாத நூல்கள்தான் நல்ல பயிற்சி தருபவை. பழைய நூல்களில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும், அல்லது எண்கள் தமிழ் எண்களில் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டாகிய பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எஞ்சியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ‘ஜய வருஷம் தை மாதம்’ என்று ஒரு நூலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 1895 ஆகவும் இருக்கலாம், 1955 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே விலையில் பெரிய வேறுபாடு உண்டு. அச்சகத்தின் முகவரியில் ‘தேவகோட்டை, இராமநாதபுரம் ஜில்லா’ என்று இருந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது, ஏனெனில் இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் உருவானது. தேவகோட்டையும் காரைக்குடியும் சிவகாசியும் 1985 வரை இந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அதனால் நம் மாவட்டத்தின் பெயர் தாங்கிய பழைய அச்சுகளில் கணிசமானவை இன்றைய எல்லைக்கு வெளியே அச்சானவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

விலையும் சாட்சி சொல்லும். இந்தியாவில் தசம நாணயம் வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்கு முன் அணாக் கணக்கு. ‘நயா பைசா’ அல்லது ‘ந.பை.’ என்று அச்சிட்டிருந்தால் அது 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. ஆகவே ‘சென்னை-2’ என்று மட்டும் இருப்பது பழையதாக இருக்க வாய்ப்புண்டு, ‘சென்னை - 600 002’ என்று இருப்பது 1972க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ‘சென்னை மாநிலம்’ என்ற பெயர் 1969இல் ‘தமிழ்நாடு’ ஆயிற்று. பதின்மூன்று இலக்கச் சர்வதேச நூல் எண் 2007 முதல் வழக்கத்துக்கு வந்தது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது எழுத்துச் சீர்திருத்தம். ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய எழுத்துகளின் இன்றைய வடிவம் 1978இல் அரசாணையால் வந்தது. பழைய வடிவில், கொம்பும் சுழியுமாக, அச்சான நூல் 1978க்குப் பிந்தியதாகவும் இருக்கலாம், ஏனெனில் சிறிய அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளை உடனே தூக்கி எறிந்துவிடவில்லை. ஆனால் 1965 என்று தேதியிட்ட நூலில் புதிய வடிவ ‘லை’ இருந்தால், அது பிற்கால மறு அச்சில் பழைய பதிப்பு விவரத்தை அப்படியே விட்டுவைத்ததுதான். பெரியார் தம் இதழ்களில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். அவருடைய இயக்க வெளியீடுகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

பழைய பக்கங்களை நிழற்படம் எடுத்து அச்சிட்ட மறுபதிப்புகளில் எழுத்தும் விலையும் முகவரியும் எல்லாம் பழையவையாகவே இருக்கும். அங்கே விரல்தான் துணை. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட தாளின் பின்புறத்தை மெல்லத் தடவினால் எழுத்தின் அழுத்தம் தட்டுப்படும். ஆஃப்செட் அச்சில் தாள் வழவழவென்று இருக்கும். கள்ள நோட்டைப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். 1950 வாக்கில் தொடங்கித் தாளை வெண்மையாக்கச் சேர்க்கும் இரசாயனம் அந்த விளக்கில் நீலமாக ஒளிரும். 1930ஆம் ஆண்டு நூலின் நடுவே ஒரு தாள் மட்டும் ஒளிர்ந்தால் அது பிற்காலத்தில் செருகப்பட்டது.

நூல் முழுமையாக இருக்கிறதா என்பதை எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். படங்கள், பின்னால் உள்ள பிழைதிருத்தப் பட்டியல், பதிப்பகத்தின் விளம்பரப் பக்கங்கள், கெட்டி அட்டையின்மேல் போட்ட தாளுறை ஆகிய அனைத்தும் நூலின் பகுதிகள். தாளுறையை நம் வீடுகளில் முதல் வாரத்திலேயே கழற்றி எறிந்துவிடுவார்கள். அது இருந்தால் நூலின் மதிப்பே வேறு.

கையெழுத்து

நூல் தன்னை நிரூபித்துவிட்டது என்றால் கையெழுத்துக்கு வருவோம். எளிய கணக்கில் தொடங்குங்கள்: எழுத்தாளர் மறைந்த நாளுக்குப் பின் அச்சான நூலில் அவர் கையெழுத்து இருக்க முடியாது. கண்ணதாசன் 1981 அக்டோபர் 17இல் மறைந்தார். 1984ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் கையெழுத்தோடு ஒரு பிரதியை யாராவது நீட்டினால் மேலே பேச வேண்டியதில்லை. இவ்வளவு வெளிப்படையான போலிகள் வராது என்று நினைக்க வேண்டாம். வருகின்றன, ஏனெனில் போலி செய்பவர் பதிப்பு விவரப் பக்கத்தைப் படிப்பதில்லை.

அடுத்தது எழுதுகருவி. பந்துமுனைப் பேனா உலகச் சந்தைக்கு வந்ததே 1945இல். 1930களில் தேதியிட்ட கையெழுத்து அந்தப் பேனாவில் இருந்தால் அது பொய். ஜெல் பேனா அதற்கும் வெகுகாலம் பிந்தியது. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். அச்சிட்ட கையெழுத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளோ ஒரே சீரான கறுப்போ தெரியும். பேனாவால் எழுதியதில் கோடு கோட்டை வெட்டும் இடத்தில் மை தடித்திருக்கும், தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் அழுத்தம் மாறும். ரப்பர் முத்திரைக் கையெழுத்தில் ஓரங்களில் மை பிதுங்கி நடுவில் வெளிறியிருக்கும். போலியாக வரைந்த கையெழுத்தில் வேகம் இருக்காது. ஓடவேண்டிய இடத்தில் பேனா தயங்கி நின்ற அடையாளம் தெரியும்.

நான் மிகவும் நம்புவது தாளும் மையும் சேர்ந்து சொல்லும் சாட்சியை. புதிய தாளில் மை ஓரம் சிதறாமல் நிற்கும். தாள் பழுத்து, அதன்மேல் பூசிய பசை வலுவிழந்த பிறகு எழுதினால், மை நாரின் வழியே கசிந்து சிறு வேர்களைப் போல் பரவும். 1948ஆம் ஆண்டு நூலில் 1948 என்று தேதியிட்ட கையெழுத்து வேர்விட்டுக் கசிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அங்கே தாள் ஈரம் பட்டதற்கான கறை இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் நம் பகுதியில் ஈரமும் இதே வேலையைச் செய்யும். பல ஆண்டுகள் மூடியே இருந்த நூலில், கையெழுத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதன் மங்கலான பழுப்பு நிழல் விழுந்திருப்பதும் உண்டு. அந்த நிழலைப் போலியாகச் செய்வது கடினம்.

ஒப்பிடுவதற்குக் குறைந்தது மூன்று உறுதியான கையெழுத்துகளாவது, முடிந்தவரை அதே ஆண்டுகளைச் சேர்ந்தவையாக, உங்களிடம் இருக்க வேண்டும். ஒருவரின் இருபத்தைந்து வயதுக் கையெழுத்தும் எழுபது வயதுக் கையெழுத்தும் ஒன்றாக இருக்காது. சிலர் தமிழில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்தில் வேறுவிதமாகவும் போடுவார்கள். பழைய நூல்களில் ‘ஆசிரியர் கையொப்பம் இல்லாத பிரதி திருட்டுப் பிரதி’ என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் ஆசிரியரோ பதிப்பாளரோ ஒப்பமிட்டதும் உண்டு. அது ஒருவருக்கு அன்புடன் எழுதிக் கொடுத்த கையெழுத்து அன்று; உண்மையான கையொப்பம்தான் என்றாலும் விற்கும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

இராமேசுவரம் தீவில் இந்தப் பேச்சு எடுத்தாலே அப்துல் கலாமின் கையெழுத்து என்று பத்துப் பேர் வருவார்கள். அவர் 1931இல் இங்கே பிறந்தவர், 2015 ஜூலை 27இல் மறைந்தவர். நாடு முழுவதும் மாணவர்களுக்குச் சலிக்காமல் கையெழுத்திட்டவர். ஆகவே அவருடைய கையெழுத்து இருப்பதனால் மட்டும் ஒரு நூல் அரியதாகிவிடாது. அவருடைய தன்வரலாறு ஆங்கிலத்தில் 1999இல் ஐதராபாத்தின் யுனிவர்சிட்டீஸ் பிரஸ் வெளியீடாக வந்தது. பிறகு எண்ணற்ற முறை மறு அச்சானது. மறு அச்சுப் பிரதியில் உள்ள கையெழுத்து, அந்தக் குடும்பத்துக்கு விலைமதிப்பற்ற நினைவு. சேகரிப்பவர் தேடுவது 1999ஆம் ஆண்டு முதல் அச்சில், அவர் 2002இல் குடியரசுத் தலைவராவதற்கு முன் இட்ட கையெழுத்தை. இதைக் கொண்டுவருபவரிடம் விளக்கிச் சொல்லும்போது அவர் மனம் நோகாமல் சொல்லுங்கள். பெரும்பாலான நேரங்களில் ‘இதை விற்காதீர்கள், பிள்ளைகளுக்கு வைத்திருங்கள்’ என்றுதான் நான் சொல்லி அனுப்புகிறேன்.

எழுத்தாளரிடம் நேரில் கையெழுத்து வாங்குவதானால், மாவட்டப் புத்தகத் திருவிழா நல்ல இடம். தலைப்புப் பக்கத்திலேயே வாங்குங்கள். ஒட்டிய சீட்டில் வாங்க வேண்டாம். தேதியும் ஊரும் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அழியாத நிறமி மை கொண்ட பேனாவை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். மை காய்வதற்குள் மூடிவிடாமல் இரண்டு நிமிடம் திறந்து வைத்திருங்கள். அன்றைய அழைப்பிதழையும் படத்தையும் நூலோடு சேர்த்து வைத்தால் ஐம்பது ஆண்டுகள் கழித்து அவையே சான்றாகும். இப்போது ஐம்பது, நூறு பிரதிகள் மட்டும் அச்சிடும் முறை வந்துவிட்டதால், இன்றைய இளம் கவிஞரின் முதல் தொகுப்பு, ஆயிரம் ஆயிரத்து இருநூறு என்று அச்சான பழைய நூல்களைவிட அரியதாக ஆகக்கூடும்.

எதைத் தேடுவது, எப்படி வாங்குவது

எல்லாவற்றையும் சேர்க்கத் தொடங்கினால் வீடுதான் நிறையும். ஒரு வட்டத்தை வரைந்துகொள்ளுங்கள். இந்த மண்ணில் இருப்பவருக்கு அந்த வட்டம் அருகிலேயே இருக்கிறது. இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஆதரவோடு பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் ‘செந்தமிழ்’ இதழுக்கு இரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்தனர், ஆ. சிங்காரவேலு முதலியாரின் பெருங்களஞ்சியமான ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் அச்சேறியதும் தேவரின் துணையால்தான். சேது சமஸ்தானத்தோடு தொடர்புடைய குடும்பங்களில் இத்தகைய நூல்கள் அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தன. கீழக்கரையில் இசுலாமியத் தமிழ் இலக்கியமும் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், கல்லச்சிட்ட நூல்களும் கிடைக்கும். அவற்றில் பல சமயநூல்கள். கையாளும் முறையையும் விற்கலாமா கூடாதா என்பதையும் அந்தக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்காமல் தொடவே கூடாது. செட்டிநாட்டு ஊர்களைப் பற்றி ஒரு செய்தி போதும்: கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த நூல்களே இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. முதற்பதிப்புகளையே குறிவைத்துச் சேர்த்த ஞானாலயா ஆய்வு நூலகம் புதுக்கோட்டையில் இருக்கிறது. தொழிலில் இறங்குமுன் ஒருநாள் அங்கே போய், உண்மையான முதற்பதிப்பு கையில் எப்படி இருக்கும் என்று பார்த்து வாருங்கள்.

பழைய பேப்பர் கடைக்காரரிடம் ‘அரிய புத்தகம் வந்தால் சொல்லுங்கள்’ என்று சொல்வதில் பயனில்லை; அவருக்கு எது அரியது என்று தெரியாது. ‘மூட்டை பிரிக்குமுன் கூப்பிடுங்கள், கிலோ விலைக்கு மேல் இவ்வளவு தருகிறேன்’ என்று சொல்லுங்கள். தபால் அட்டையும் கடிதமும் நூலுக்குள் இருந்தால் பிரிக்காமல் அப்படியே வாங்குங்கள். ஒருவருக்கு எழுத்தாளர் கொடுத்த நூலும், அதைப் பற்றி அவர் எழுதிய அட்டையும் சேர்ந்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று சாட்சி.

வீட்டிலிருந்து வாங்கும்போது உண்மையான மதிப்பைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். கணவரை இழந்த ஒரு அம்மாவிடம், அவருக்குத் தெரியாது என்பதற்காக, ஆயிரக்கணக்கில் போகும் நூலை இருபது ரூபாய்க்கு எடுத்து வருவது வியாபாரம் ஆகாது. நான் விற்பனை விலையில் ஏறத்தாழப் பாதியைக் கொடுக்கிறேன். அவ்வளவு பணம் கையில் இல்லாதபோது விற்ற பிறகு கழிவு எடுத்துக்கொள்வதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வாங்குகிறேன். அப்போதே கேட்க வேண்டிய கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: இந்த நூலை அவருக்கு யார் கொடுத்தார்கள், எந்த ஊர்க் கூட்டத்தில், எந்த ஆண்டு. அந்தப் பதிலைக் கேட்ட தேதியோடு எழுதி வையுங்கள். கேட்கக்கூடியவர் இன்று இருக்கிறார், அடுத்த ஆண்டு இருப்பார் என்று சொல்ல முடியாது.

நூலக முத்திரை உள்ள பிரதியில், அது முறைப்படி நீக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். இல்லாதது திருட்டுப் பொருளாக இருக்கலாம். அதை அந்த நூலகத்துக்கே தெரிவிப்பதுதான் முறை.

உப்புக் காற்றும் தாளும்

மதுரையில் நூறு ஆண்டு தாங்கும் நூல் பாம்பனில் முப்பது ஆண்டில் பொடியாகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடற்காற்று கொண்டுவந்து நூலின் மேல்விளிம்பில் படியவிடும் மெல்லிய உப்பு, ஒவ்வோர் இரவும் ஈரமாகிப் பகலில் உலர்கிறது. முதலில் பாதிக்கப்படுவது தைத்த கம்பி. சிறு வெளியீடுகளிலும் கவிதைத் தொகுப்புகளிலும் நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைப் பழுப்பாக்கி, கடைசியில் அரித்துத் துளையாக்கிவிடும். துரு தெரிந்தவுடன் கம்பியின் வளைவுகளை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளின் வழியே பருத்தி நூலால் தைத்துவிடுங்கள்; விற்கும்போது அதைச் சொல்லுங்கள்.

அலமாரி கடல் பார்த்த சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. சுவருக்கும் அதற்கும் நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவியை உள்ளே வைத்து, 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். 70ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையின்போது சிலிகா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வையுங்கள். வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் கண்ட வழிகள். நன்றாகக் காய்ந்தவையாக, துணியில் முடிந்து, தாளில் படாமல் வைத்தால் தீங்கில்லை. பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும். அந்துருண்டையின் வாடை தாளில் ஏறினால் போகாது. வாங்குபவர் அதை விரும்பமாட்டார். நூல்களை வெயிலில் காய வைப்பது நம் ஊர் வழக்கம். கையெழுத்திட்ட நூலுக்கு அது நஞ்சு, ஏனெனில் நீல மை சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும். மாசி பங்குனியில், வாடைக் காற்றின் ஈரம் அடங்கிய பிறகு, நிழலில் விரித்து வைத்து மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

இராமபாணப் பூச்சியோ வண்டோ துளைத்த நூல் வந்தால் மற்ற நூல்களின் அருகில் கொண்டுபோகாதீர்கள். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 பாகை வரை போகும் உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுவதும் பையைப் பிரிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு திறங்கள். உடனே திறந்தால் தாளின்மேல் நீர் கோத்துவிடும். கறையான் கண்ட வீட்டில் நூல்களைத் தரையிலோ மர அடுக்கிலோ வைக்கவே கூடாது.

ஒட்டுநாடா, லேமினேஷன், மினுமினுக்கும் மலிவான பிளாஸ்டிக் உறை மூன்றையும் தவிருங்கள். பாலியெஸ்டர் படலத்தால் ஆன தெளிவான உறை சற்று விலை கூடுதல் என்றாலும் தாளோடு ஒட்டாது. பைண்டிங்கைப் பற்றி ஓர் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். அட்டை கழன்ற ஒரு முதற்பதிப்பை, அதில் ஆசிரியரின் கையெழுத்து தாளின் மேல்விளிம்பை ஒட்டி இருந்ததை நினைக்காமல், நான் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். வழக்கம்போல் மூன்று பக்கமும் வெட்டி நேராக்கித் தந்தார். பெயரின் முதல் எழுத்து கொம்போடு போய்விட்டது. அவர் தம் தொழிலைத்தான் செய்தார். ‘வெட்டக்கூடாது’ என்று எழுதிக் கொடுக்காதது என் பிழை. அன்றிலிருந்து கழன்ற அட்டையை ஒட்டுவதில்லை. அமிலமற்ற தாளில் உறை செய்து, அட்டையையும் நூலையும் சேர்த்து நாடாவால் கட்டி, அப்படியே விற்கிறேன். பழுதான நிலையில் முழுமையாக இருக்கும் நூலை, திருத்தப்பட்டுக் குறைந்துபோன நூலைவிட வாங்குபவர் அதிகம் மதிப்பார்.

விற்பது

விலை சொல்லுமுன் மூன்றைக் கவனியுங்கள்: இந்தப் பதிப்பில் எத்தனை பிரதிகள் எஞ்சியிருக்கக்கூடும், இதைத் தேடுபவர் இருக்கிறாரா, இந்தப் பிரதியின் நிலை என்ன. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலை ஆகாது. ஒருவர் கொடுத்த விலைதான் விலை. ஒவ்வொரு விற்பனையையும் நூல், நிலை, தொகை, மாதம் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் ஐந்து ஆண்டில் உங்களுக்கென்று ஓர் அளவுகோல் அமையும். வெறும் கையெழுத்தைவிட, யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பது தெரியும் பிரதிக்கு மதிப்பு உயர்வதும் உண்டு, தாழ்வதும் உண்டு: அவர் எழுத்தாளரின் நண்பரோ ஆசிரியரோ விமர்சகரோ என்றால் உயரும், அடையாளம் தெரியாதவர் என்றால் சற்றுத் தாழும். அந்தப் பெயரை அழித்துவிட்டு விற்பவர்கள் நூலையே கெடுக்கிறார்கள்.

விளக்கத்தை எளிய தமிழில், குறைகளை முதலில் சொல்லி எழுதுங்கள். ‘முதற்பதிப்பு, 1961 ஜூன், விலை ரூ. 2.50 என அச்சு. கெட்டி அட்டை, தாளுறை இல்லை. முதுகு ஓரத்தில் வெளிறல். 13 முதல் 20 வரை பக்கங்களின் அடிவிளிம்பில் பூச்சித் துளை, எழுத்து பாதிக்கப்படவில்லை. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியரின் கையொப்பம், நீல மை, தேதி உண்டு. முதல் உரிமையாளரின் குடும்பத்திடமிருந்து வாங்கியது’ என்பது போதும். அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், கையொப்பம், ஒவ்வொரு குறை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். கையெழுத்து உண்மையானது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அப்படிச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் ‘ஆசிரியருடையது என்று குடும்பத்தார் கூறுகின்றனர்’ என்று எழுதி, அதற்கேற்ற விலை வையுங்கள். பின்னாளில் போலி என்று நிரூபணமானால், எத்தனை ஆண்டு ஆனாலும் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன்.

சட்டத்தில் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். அச்சிட்ட நூல்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. கையெழுத்துப் பிரதியும் கடிதமும் கையில் இருந்தாலும் அவற்றை அச்சிடும் உரிமை உங்களுடையது அன்று. அது எழுத்தாளருக்கோ, அவர் மறைந்த பின் அவருடைய வாரிசுகளுக்கோ உரிமை பெற்றவர்களுக்கோ உரியது. மிக முக்கியமானது, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம்: 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடிகளும் ஆவணங்களும் தொல்பொருள் ஆகும், அவற்றை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். நூறு ஆண்டைக் கடந்த அச்சு நூல்களை அயல்நாட்டுக்கு அனுப்புமுன்னும் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள். ஓலைச்சுவடி கண்ணில் பட்டால் குடும்பத்தாரிடம் சொல்லி ஓர் ஆய்வு நூலகத்தோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுங்கள். அதில் இலாபம் பார்க்க வேண்டாம்.

பணம் வருவதற்கு ‘இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, உங்கள் ரகசிய எண்ணை (PIN) போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை. பணம் கணக்கில் வந்ததை வங்கிச் செயலியில் பார்த்த பிறகு பொதி கட்டுங்கள். நூலை முதலில் அமிலமற்ற தாளில் சுற்றி, பாலித்தீன் உறையிலிட்டு, நூலைவிட இரண்டு விரற்கடை பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே அசையாமல் கட்டி, மூலைகளுக்குத் தனியே அட்டை மடித்து வைத்து, அதன்பின் பெட்டியில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெட்டிக்கு வெளியிலும் ஒரு பாலித்தீன் சுற்று வேண்டும். விரைவு அஞ்சலில் காப்பீட்டுடன் அனுப்பி, குடும்பத்தார் சொன்ன வரலாற்றை நீங்கள் எழுதி வைத்த தாளின் நகலை நூலுக்குள் செருகாமல் தனி உறையில் வைத்து, வாங்கியவரின் பெயரை எழுதி, அதே பெட்டியில் சேர்த்து அனுப்புங்கள்.